இஜாஸா: எதற்கு அனுமதி?

1326-ஆம் ஆண்டு, ரமலான் மாதம். டமாஸ்கஸ் நகரின் உமையா பள்ளிவாசல். 22 வயது மொராக்கோக்காரர் ஒருவர் தினமும் வந்து உட்கார்ந்து, புகாரியின் நபிமொழித் தொகுப்பு முழுவதையும் 14 அமர்வுகளில் கேட்டு முடிக்கிறார். பெயர் இப்னு பதூதா. பல வருடங்கள் கழித்து மதுரை சுல்தான்களின் நாட்டுக்கும் வந்து போனாரே, அவரேதான். அந்த ஊரில் தனக்கு 'இஜாஸா' கொடுத்தவர்கள் என்று ஆண்களும் பெண்களுமாக ஒரு பட்டியலையே தன் பயணக் குறிப்பில் தருகிறார்.

தமிழில் இதைச் சொல்லும்போது 'அனுமதி கொடுத்தார்கள்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். எதற்கு அனுமதி? புத்தகம் படிக்கவா? அதைத்தான் படித்து முடித்தாயிற்றே. ஊருக்குள் நுழையவா? அதற்கும் யாரும் தடை போடவில்லை. இன்னும் சிலர் 'சான்றிதழ்' என்று எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். படித்தவுடன் இப்னு பதூதா கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பியது மாதிரி ஆகிவிடுகிறது.

சொல்லின் வேரிலிருந்து தொடங்கலாம். ஜீம், வாவ், ஸாய் என்ற மூன்று எழுத்துகள். 'ஜாஸ' என்றால் கடந்து போனான். 'அஜாஸ' என்றால் கடந்து போக விட்டான். அந்த 'விட்டது'தான் இஜாஸா. இதே வேரில் பிறந்த சொற்கள் நமக்குப் பழக்கமானவை. 'அது ஜாயிஸா?' என்று மார்க்கச் சட்டம் கேட்கும் தமிழ் முஸ்லிம்கள் எல்லாருக்கும் ஜாயிஸ் தெரியும்: கடக்கலாம், தடையில்லை. கடவுச்சீட்டுக்கு அரபியில் 'ஜவாஸ்'. உருவகத்துக்கு 'மஜாஸ்', ஒரு சொல் தன் சொந்தப் பொருளிலிருந்து கடந்து இன்னொன்றுக்குப் போவதால். உருதுவின் 'இஜாஸத்' வெறும் அனுமதி. 'அனுமதி' என்ற மொழிபெயர்ப்பு நம்மிடம் ஒட்டிக்கொண்டது பெரும்பாலும் அந்த வழியாகத்தான் என்பது என் ஊகம்.

ஆனால் 1004-இல் இறந்த சொல்லிலக்கண அறிஞர் இப்னு ஃபாரிஸ் வேறொரு வழி காட்டினார். அவர் கணக்கில் இஜாஸா என்பது 'ஜவாஸுல் மா' என்பதிலிருந்து வருகிறது. வயலுக்கும் கால்நடைக்கும் விடும் தண்ணீர். ஒருவன் தன் நிலத்துக்கோ மந்தைக்கோ தண்ணீர் கேட்கிறான், மற்றவன் திறந்து விடுகிறான். மாணவன் அறிவுத் தண்ணீர் கேட்கிறான், ஆசிரியர் மடை திறக்கிறார். வேர்ச்சொல் ஆய்வாக இது சரியா என்பது வேறு விஷயம். நமக்கு உடனே 'தாரை வார்த்தல்' ஞாபகம் வரும். ஒரு வித்தியாசம்தான்: தாரை வார்த்தால் கொடுத்தவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. இஜாஸா கொடுத்தவரிடம் எல்லாம் அப்படியே இருக்கும்.

சரி, ஒரு புத்தகத்தைப் பிறருக்குச் சொல்ல இன்னொருவர் ஏன் மடை திறக்க வேண்டும்? காரணம் எழுத்தில் இருக்கிறது. பழைய அரபுக் கையெழுத்தில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் கிடையாது, எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் புள்ளிகளும் பல இடங்களில் விடுபடும். ஒரே கோட்டை மூன்று விதமாகப் படிக்கலாம். நம் ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கும் மெய்க்குப் புள்ளி இருக்காது, எகரமா ஏகாரமா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் தமிழில் பாடம் 'படித்தார்' என்பதைவிடப் பாடம் 'கேட்டார்' என்ற பேச்சு நிலைத்தது. உ.வே.சாமிநாதையர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார் என்றுதான் சொல்கிறோம். வள்ளுவர் கல்விக்குப் பிறகு கேள்விக்கென்று தனி அதிகாரமே வைத்தார்.

அரபியில் அந்தக் 'கேள்வி'க்குப் பெயர் 'ஸமாஃ'. ஆசிரியர் வாயால் கேட்காமல் ஏட்டைப் பார்த்து மட்டும் கற்றவனை 'ஸஹஃபீ', ஏட்டுக்காரன், என்று இளக்காரமாகச் சொன்னார்கள். அவனிடம் பாடம் கேட்காதே என்று எச்சரித்தார்கள். (இன்றைய அரபியில் அதே சொல்லுக்குப் பத்திரிகையாளர் என்று பொருள். இதில் எனக்குக் கருத்து எதுவும் இல்லை.)

நபிமொழிக் கலையினர் ஒரு நூல் கைமாறும் வழிகளை எட்டாக வகுத்தார்கள். முதல் இடம் ஸமாஃ, ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பது. இரண்டாவது, மாணவர் படிக்க ஆசிரியர் கேட்டுத் திருத்துவது. மூன்றாவதுதான் இஜாஸா: கேட்காவிட்டாலும் பரவாயில்லை, என் வழியாக நீ இதைச் சொல்லலாம் என்று ஆசிரியர் வாயாலோ எழுத்தாலோ இசைவது. கடைசி வழி 'விஜாதா', அதாவது எங்கேயோ கண்டெடுத்த ஏடு. அதற்கு மதிப்பு குறைவு. முதல் இரண்டு வழிகளில் கற்றவருக்கும் கூடவே இஜாஸா கொடுக்கும் வழக்கம் வந்ததால், காலப்போக்கில் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக அதுவே நின்றது.

மூன்றாம் வழியை எல்லோரும் ஏற்கவில்லை. 776-இல் இறந்த பஸ்ராவின் ஷுஅபா, 'இஜாஸா செல்லும் என்றால் பயணம் வீண்' என்று சொன்னதாக வரும். நியாயம்தான். ஒரு நபிமொழிக்காக மாதக்கணக்கில் ஒட்டகத்தில் போனவர்களின் காலம் அது. வீட்டிலிருந்தபடியே கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றால் யார் போவார்கள்? ஆனாலும் கடிதமே வென்றது. வென்றதோடு நிற்கவில்லை. 'உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கும்' என்று இஜாஸா கொடுத்தவர்கள் உண்டு. பிறக்காத குழந்தைக்குக் கொடுத்தது செல்லுமா என்று 11-ஆம் நூற்றாண்டில் கத்தீப் அல்-பக்தாதி தனியாக ஒரு சிறு நூலே எழுதி, செல்லும் என்றார். 13-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸின் இப்னுஸ் ஸலாஹ் இந்தத் தாராளத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

குழந்தைக்கு எதற்கு இஜாஸா என்று சிரிக்கத் தோன்றும். அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. மாணவர், அவர் ஆசிரியர், அவருக்கு ஆசிரியர் என்று பின்னோக்கிப் போகும் சங்கிலியில் எத்தனை பேர் குறைவாக இருக்கிறார்களோ அத்தனை நம்பகம், அத்தனை பெருமை. எண்பது வயது ஆசிரியரிடமிருந்து ஒரு வயதுக் குழந்தை வாங்கினால், அந்தக் குழந்தை எண்பது தாண்டும்போது ஒரே கண்ணியில் 150 ஆண்டுகளைத் தாண்டிவிடலாம். டமாஸ்கஸின் ஸைனப் பின்த் அல்-கமால் 1248-இல் பிறந்தவர். பாக்தாதின் அஜீபா என்ற பெண் அறிஞரின் இஜாஸா அவருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே வந்து சேர்ந்தது. அஜீபா 1249-இல் இறந்துவிட்டார். 1258-இல் மங்கோலியர் பாக்தாதை அழித்தார்கள். ஸைனபோ 1339 வரை இருந்தார். அந்த அழிந்த நகரத்தின் ஆசிரியர்களோடு நேரடி இணைப்பு உள்ள கடைசி மனிதர்களில் ஒருவராக, திருமணம் செய்துகொள்ளாமல், தொண்ணூறு வயது வரை கூட்டம் கூட்டமாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் ஒருவர் மட்டுமே இஜாஸா வழியாக வைத்திருந்த ஏடுகள் ஓர் ஒட்டகச் சுமை என்று அவர் காலத்தவர்களே எழுதினார்கள். இப்னு பதூதாவின் பட்டியலில் இந்த ஸைனபும் இருக்கிறார்.

அதே 1326-ஆம் ஆண்டு அமர்வுகளில் ஆசிரியர் இருக்கையில் இருந்தவரின் கதை இதைவிட ருசியானது. அவர் பெயர் அஹ்மத், ஊரார் அழைத்தது 'அல்-ஹஜ்ஜார்', கல்தச்சர். உண்மையிலேயே டமாஸ்கஸ் கோட்டையில் கல் வேலை செய்தவர். ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, பாமரர். 1233-இல் அஸ்-ஸபீதி என்ற ஆசிரியர் டமாஸ்கஸுக்கு வந்து புகாரி சொன்னபோது, கேட்டவர்களில் ஒருவனாக இந்தச் சிறுவனும் இருந்தான். ஏட்டில் பெயர் எழுதியாயிற்று. அப்புறம் எல்லோரும் மறந்துவிட்டார்கள். எழுபது வருடங்களுக்கு மேல் கழித்து, 1306 வாக்கில், யாரோ ஒருவர் பழைய ஏட்டின் கேள்விக் குறிப்பை, அதாவது யார் யார் பாடம் கேட்டார்கள் என்ற பதிவை, புரட்டும்போது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. விசாரித்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். அவ்வளவுதான், கல்லுளியை வைத்துவிட்டு வந்தவர் 1329-இல் இறப்பதற்குள் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் எழுபது தடவைக்கு மேல் புகாரியைச் சொல்லிவிட்டார். இப்னு பதூதா இருந்த அமர்வுகளில் எதிரே உட்கார்ந்து நூலை வாசித்தவர் அல்-பிர்ஸாலி, சிரியாவின் பெயர்பெற்ற வரலாற்றாசிரியர். பேரறிஞர் படிக்கிறார், கல்தச்சர் கேட்கிறார், அதிகாரம் கல்தச்சரிடம் இருக்கிறது. 'சான்றிதழ்' என்ற சொல்லுக்குள் இந்தக் காட்சியை எப்படி அடைப்பது?

அவரை மீட்டுக்கொடுத்த அந்தக் கேள்விக் குறிப்புகள் தனியாகப் பேச வேண்டியவை. ஒரு நூல் ஓதப்பட்ட ஒவ்வொரு தடவையும், அந்தப் பிரதியின் தலைப்புப் பக்கத்திலோ கடைசியிலோ விளிம்பிலோ எழுதிவைத்தார்கள்: ஆசிரியர் யார், வாசித்தவர் யார், எங்கே, எந்த நாள், யார் யார் இருந்தார்கள். பாதியில் எழுந்து போனவர் எந்தப் பகுதியைத் தவறவிட்டார் என்பதும் பதிவாகும். தூங்கி வழிந்தவர்கள், பேசிக்கொண்டிருந்தவர்கள் கூடச் சில குறிப்புகளில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து வயது நிரம்பிய பிள்ளை 'கேட்டான்', அதற்குக் கீழே 'வந்திருந்தான்' என்றுதான் எழுத வேண்டும். 1155 முதல் 1349 வரையிலான டமாஸ்கஸ் குறிப்புகளைத் திரட்டி 1996-இல் ஒரு பெரிய தொகுப்பு வெளியானது. அதற்குப் பிறகு அந்த நகரத்தின் வாசிப்பு வரலாற்றை எழுதும் முறையே மாறிவிட்டது. அறிஞர்கள் மட்டும் படித்தார்கள் என்ற நினைப்பு போய், கைவினைஞர்களும் கடைக்காரர்களும் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தது பெயரோடும் தேதியோடும் தெரியவந்தது.

நபிமொழியைத் தாண்டியும் சொல் பரவியது. சட்டம் கற்பிக்கவும் தீர்ப்புரை கூறவும் தனி இஜாஸா. எகிப்தின் எழுத்தாளர் கல்கஷந்தி இருபது வயதை ஒட்டி, 1376-இல் அலெக்சாந்திரியாவில் அப்படி ஒன்று வாங்கி, அதன் வாசகத்தைத் தன் நூலிலேயே எழுதிவைத்தார். உதுமானியரின் இஸ்தான்புல்லில் எழுத்துக்கலை மாணவன் இஜாஸா வாங்கும்வரை தன் எழுத்துக்குக் கீழே 'எழுதியவன் இன்னான்' என்று கையெழுத்திடக் கூடாது. அந்தச் சான்றுகளை எழுதப் பயன்பட்ட எழுத்து வடிவத்துக்கே இஜாஸா எழுத்து என்று பெயர்.

சூஃபிகளிடம் வரும்போது பொருள் ஆழப்படுகிறது. அங்கே கைமாறுவது நூல் மட்டும் இல்லை. ஒரு திக்ரு (இறைநினைவு ஓதல்), ஒரு விர்து (அன்றாடம் ஓதுவது), சில நேரம் ஒரு கம்பளி அங்கி. ஷைகிடம், அதாவது குருவிடம், பைஅத் என்ற உறுதிமொழி செய்தவர் எல்லோரும் முரீது, சீடர். அவர்களில் பிறரைச் சேர்த்து வழிநடத்த இசைவு பெற்றவர் மட்டுமே கலீஃபா. நபிவரை போகும் சில்சிலாவின், குருமார் சங்கிலியின், கடைசிக் கண்ணியாக அவர் பெயர் சேரும். காயல்பட்டினம், கீழக்கரைக் குடும்பங்களில் காதிரிய்யா என்ற சூஃபி வழி இப்படித்தான் தலைமுறை தாண்டி வந்தது. 'எனக்கு ஷைகு இஜாஸத் கொடுத்திருக்கிறார்' என்று ஒரு பெரியவர் அங்கே சொன்னால், அனுமதி என்பதற்கு மேலே ஏதோ ஒன்றைச் சொல்கிறார் என்று கேட்பவருக்குப் புரியும்.

தமிழகத்து மதரஸாக்களில் இன்று அதிகம் புழங்குவது 'ஸனது'. சாய்ந்துகொள்ளும் பிடிமானம் என்பது அதன் பொருள், சங்கிலிக்கும் ஆவணத்துக்கும் அதே பெயர். வேலூர் பாக்கியாத்தில் ஸனது பெற்றவர் பாக்கவி, லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் பெற்றவர் மன்பஈ. கவனித்தால் இங்கே பெயரில் ஒட்டுவது நிறுவனம். பழைய இஜாஸாவில் நிறுவனமே வராது. உமையா பள்ளிவாசல் யாருக்கும் இஜாஸா கொடுக்கவில்லை, அல்-ஹஜ்ஜார் கொடுத்தார். மேலைநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தின் மூலம் இதுதான் என்று அடிக்கடி ஒரு பேச்சு கிளம்பும். கற்பிக்கும் உரிமை என்ற அளவில் ஒற்றுமை உண்டு. கொடுப்பது மனிதரா மன்றமா என்ற இடத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

இனி தமிழ்ச் சொல். 'அனுமதி' வடசொல், அதைக்கூட விட்டுவிடலாம், ஆனால் அது மேலிருந்து கீழே தரும் சொல். 'உரிமம்' என்றால் வண்டி ஓட்டுவது ஞாபகம் வரும். வேரை வைத்துப் பார்த்தால் மிக நெருங்கி வருவது 'விடை'. விடு என்பதிலிருந்து பிறந்தது, 'விடை கொடுத்தார்' என்றால் போக விட்டார். அஜாஸ என்பதும் அதேதான். ஆனால் இன்று விடை என்றால் கேள்வித்தாள்தான், 'புகாரிக்கு விடை தந்தார்' என்று எழுதினால் ஆளைக் குழப்பும்.

நான் 'இசைவு' என்பதையே எடுப்பேன். இரண்டு பேருக்கு நடுவே நடப்பது, குரலின் சாயலும் அதில் இருக்கிறது. என்ன இசைவு என்று காட்ட முன்னால் ஒரு சொல் வேண்டும். தமிழ் முஸ்லிம்களிடம் அது தயாராகவே இருக்கிறது: ஓதிக்கொடுத்தல். ஆக, நூலுக்கு 'ஓதிக்கொடுக்கும் இசைவு', எழுத்துக்கலைக்கு 'ஒப்பமிடும் இசைவு'. சூஃபி வழியில் மட்டும் இஜாஸா, கலீஃபா, சில்சிலா மூன்றையும் அப்படியே விட்டுவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் தமிழாக்கினால் மற்ற இரண்டோடு ஒட்டாது.

தாளுக்கு என்ன பெயர்? பழைய கல்வெட்டுகளில் ஒப்பந்த ஆவணத்துக்கு 'இசைவுதீட்டு' என்ற அருமையான சொல் உண்டு. தீட்டுதல் என்றால் எழுதுதல். ஆனால் இன்றைய வாசகர் காதில் தீட்டு வேறுமாதிரி விழும், புனித நூலோடு சேர்த்து அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. 'இசைவோலை' போதும். டமாஸ்கஸில் ஓலை ஏது என்று கேட்பவர்களுக்கு, திருமண ஓலை என்று இப்போதும் தாளில்தானே அச்சடிக்கிறோம்.

அப்படியானால் தொடக்கத்தில் பார்த்த வாக்கியம் இப்படி வரும்: 1326-இல் டமாஸ்கஸில் இப்னு பதூதா கல்தச்சர் அஹ்மதிடம் புகாரி பாடம் கேட்டார். அவரும் ஸைனப் பின்த் அல்-கமாலும் இன்னும் பலரும், தங்கள் வழியாக ஓதிக்கொடுக்க அவருக்கு இசைவு தந்தார்கள்.