ரிக் வருவதற்கு முன் ஒரு பாட்டில் தண்ணீர்

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இரண்டு பாட்டில் தண்ணீரோடு என்னைத் தேடி வந்தார். வீட்டுப் போரில் பிடித்த தண்ணீர். லேசான மஞ்சள். மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் கலைந்தது. வீட்டுக்கு நாலு வயல் தள்ளி ஒரு பழைய எண்ணெய்க் கிணறு இருக்கிறதாம். "இதுக்கு அதுதான் காரணம்னு எழுதிக் கொடுங்க தம்பி, கலெக்டர்கிட்ட மனு கொடுக்கணும்" என்றார்.

சோதனைக்கு அனுப்பினேன். உப்பு நிறைய இருந்தது. எண்ணெய் இருப்பதாகச் சொல்லும் அளவுக்கு எதுவும் சிக்கவில்லை. "முன்னாடி உப்பு எவ்வளவு இருந்துச்சுங்கய்யா, எப்பவாவது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டேன். "முன்னாடி நல்லா இருந்துச்சு தம்பி. சோறு வெள்ளையா வேகும். துவரம்பருப்பு சட்டுனு குழையும். இப்ப பருப்பு வேகவே மாட்டேங்குது."

அவர் சொன்னது உண்மை என்றே நம்புகிறேன். தண்ணீரில் கடினத்தன்மை ஏறினால் பருப்பு வேகாது. ஆனால் எண்ணெய்க் கிணறு வருவதற்கு முந்தைய ஓர் எண் கூட அவர் கையில் இல்லை. கடல் பக்கமாக இருப்பதால் உப்பு நீர் தானாகவும் உள்ளே வந்திருக்கலாம். அவர் கேட்டதை என்னால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறிப் போனார். இந்தக் கட்டுரையை எழுத அவர்தான் காரணம்.

நான் இப்போது நிலத்தடி நீர் பார்க்கும் புவியியலாளன். அதற்கு முன் ஒன்பது வருடம் எண்ணெய் ரிக்குகளில், அதாவது எண்ணெய்க் கிணறு தோண்டும் ராட்சதத் துளை இயந்திரங்களில், வேலை பார்த்தேன். துளையிடும்போது கீழேயிருந்து சேற்றோடு மேலே வரும் பாறைத் துகள்களைச் சல்லடையில் பிடித்து, கழுவி, தட்டில் பரப்பி, இருட்டுப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கில் பார்ப்பது என் வேலை. எண்ணெய் இருந்தால் மணல் துகள்கள் மஞ்சளும் வெளிர் நீலமுமாக மினுங்கும். ராத்திரி மூன்று மணிக்கு அதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தொழிலின் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது.

காவிரிப் படுகைக்கு எண்ணெய் தேடுவது புதிய கதை அல்ல. காரைக்காலில் ஆழமான ஆய்வுக் கிணறு போட்டது 1964இல். 1980களில் நரிமணம், கோவில்களப்பால் என்று வரிசையாக எண்ணெய் கிடைத்தது. அந்த எண்ணெயை நம்பி நாகூர் அருகே பனங்குடியில் 1993இல் ஒரு சுத்திகரிப்பு ஆலையே வந்தது. புவனகிரி, கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம், தெற்கே ராமநாதபுரம் என்று எத்தனையோ ஊர்ப் பெயர்கள் எண்ணெய்த் துறை வரைபடங்களில் எண்ணெய் வயலின் பெயராகவோ பாறை அடுக்கின் பெயராகவோ இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களில் பலருக்கு அது தெரியாது.

இவ்வளவு தோண்டிய இடத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் ஏன் மறுபடியும் வருகின்றன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கச்சா எண்ணெயில் நாட்டுத் தேவையின் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி என்பது ஒரு காரணம். பழைய படுகையில் குழாய், ஆலை, சாலை எல்லாம் தயாராக இருப்பதால் சின்னக் கண்டுபிடிப்பு கூடக் கட்டுபடியாகும் என்பது இன்னொன்று. ஆனால் முக்கியமான காரணம் பார்வை மாறியதுதான். அன்றைக்கு நில அதிர்வு அலைகளை ஒற்றைக் கோடுகளாக அனுப்பிப் படம் எடுத்தார்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பது ஊகம். இன்றைக்கு முப்பரிமாணப் படம் எடுக்கிறார்கள், பழைய பதிவுகளையும் கணினியில் மறுபடி அலசுகிறார்கள். அப்புறம், எங்கள் காலத்தில் அடிக் கருங்கல்லைத் தொட்டதும் "முடிந்தது, ரிக்கைக் கட்டு" என்போம். இப்போது கொள்ளிடம் அருகே மாதானம் பகுதியில் அந்த அடிக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளேயே எண்ணெய் கிடைத்திருக்கிறது. அதனால் ஏற்கெனவே தோண்டிய இடங்களையெல்லாம் மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. 2016இல் வந்த புதிய உரிமக் கொள்கைப்படி, அரசு வட்டாரம் பிரித்துக் கொடுக்கும்வரை காத்திருக்காமல், நிறுவனமே தனக்கு வேண்டிய பகுதியைக் குறித்துக் கேட்கலாம்.

விவசாயிகள் கூட்டங்களுக்குப் போனால் பேச்செல்லாம் புதிய கிணறு பற்றியே இருக்கிறது. பயப்பட வேண்டியதுதான். ஆனால் பழைய படுகையில் நான் முதலில் கேட்பது பழைய கிணறுகளைப் பற்றி.

ஓர் எண்ணெய்க் கிணறு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெரிய குழாய்க்குள் சின்னக் குழாய், அதற்குள் இன்னும் சின்னக் குழாய். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை போகும். மேலே நாம் குடிக்கும் நல்ல தண்ணீர் இருக்கும் மணல் அடுக்குகளைக் கடக்கும் இடத்தில் முதல் குழாயை இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் கீழிருந்து தரைமட்டம்வரை சிமெண்ட் பால் ஏற்றுவார்கள். நம் தண்ணீருக்கும் அடியில் இருக்கும் எண்ணெய், வாயு, உப்பு நீருக்கும் நடுவில் நிற்பது இந்த எஃகும் சிமெண்டும்தான். சிமெண்ட் சில இடங்களில் சரியாகப் பிடித்திருக்காது. வருடங்கள் போகப் போகச் சுருங்கி மயிரிழை இடைவெளி விடும். உப்பு நீர் எஃகை அரிக்கும். முப்பது, நாற்பது வருடக் கிணற்றில் இதெல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. கைவிடும்போது உள்ளே பல ஆழங்களில் சிமெண்ட் அடைப்பு வைத்து மூட வேண்டும். தலையில் வால்வை மட்டும் பூட்டிவிட்டுப் போனால் அது மூடிய கிணறு ஆகாது. வேலி போட்ட இடத்தில் முள் மண்டிக் கிடப்பதை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

பழைய கிணற்றில் மறுபடி வேலை செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அசாம் சாட்சி. அதுவும் பழைய எண்ணெய்ப் பூமிதான். பாக்ஜான் என்ற இடத்தில் உற்பத்தியில் இருந்த ஒரு வாயுக் கிணற்றில் பராமரிப்புப் பணி நடந்தபோது, 2020 மே 27 அன்று வாயு கட்டுமீறி வெளியேறியது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். நவம்பர் நடுவில்தான் அணைந்தது. பக்கத்தில் திப்ரு-சைகோவா தேசியப் பூங்கா. மீன் பிடித்துப் பிழைத்தவர்களின் சதுப்பு ஏரியும் நாசமானது. அது புதுக் கிணறு அல்ல. நம் ஊரில் புதுக் கிணற்றுக்கு மட்டும் சட்டம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிய எண்ணெய், இயற்கை எரிவாயு ஆய்வையும் எடுப்பதையும் தடுக்கிறது. மீத்தேன் எதிர்ப்புப் பிரச்சாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பரில் உயிரை விட்ட நம்மாழ்வாரிலிருந்து நெடுவாசல், கதிராமங்கலம் மக்கள்வரை போராடி வாங்கியது அது. ஆனால் சட்டத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடாது. ராமநாதபுரம் மாவட்டம் அந்த மண்டலத்துக்குள் இல்லை. இன்னொரு பக்கம், 2020 ஜனவரியில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது. ராமநாதபுரம் பகுதியில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநில அளவிலான சுற்றுச்சூழல் ஆணையம் அனுமதி கொடுத்த செய்தி 2025இல் வெளியே வந்தபோது ஊரே திகைத்ததற்கு இதுவும் காரணம். மாநில அரசு அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது. கருத்துக் கேட்பு இல்லை என்றால், தோண்டப்போவது ஊருக்குத் தெரிவதற்கே வழியில்லாமல் போகிறது. இதை நான் பெரிய அநியாயமாகப் பார்க்கிறேன்.

சரி, என்ன செய்வது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் ஊர் எல்லைக்குள் எத்தனை எண்ணெய்க் கிணறுகள், எந்த சர்வே எண்ணில், எந்த வருடம் தோண்டியது, முதல் குழாய் எவ்வளவு ஆழம்வரை, சிமெண்ட் தரைமட்டம்வரை வந்ததா, கிணறு தற்காலிகமாக நிறுத்தியதா அல்லது அடைத்துக் கைவிட்டதா என்று பிரித்துக் கேளுங்கள். "ஹைட்ரோகார்பன் திட்டம்" என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் பதில் வரும். மன்னார்குடியில் வரவிருந்த நிலக்கரிப் படுகை மீத்தேன் வேறு, அதற்கு நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண எண்ணெய்க் கிணறு வேறு. அதில் பாறையை நீரழுத்தத்தால் வெடிக்க வைப்பார்களா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் உப்பு, குளோரைடு, கடினத்தன்மை எல்லாம் பார்த்துத் தருவார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1000 வரை. பேரியம், புரோமைடு, கரைந்த மீத்தேன், எண்ணெய் ஆகியவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம் வேண்டும். செலவு அதிகம். பத்து வீடு சேர்ந்து இரண்டு, மூன்று போருக்குச் செய்தால் போதும். மீத்தேன் இருந்தாலே எண்ணெய்க் கிணறு கசிகிறது என்று அர்த்தமில்லை. டெல்டாவின் களிமண்ணில் மக்கிய தாவரங்களிலிருந்தே மீத்தேன் வரும், சில அடிபம்புகளில் குமிழியாகக் கூடப் பார்க்கலாம். அதிலுள்ள கார்பன்-13 (கார்பனின் சற்றே கனமான வகை) அளவைப் பார்த்தால் மேல் மண்ணில் பிறந்ததா, ஆழத்தில் வெந்து வந்ததா என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டுப் பிடியுங்கள், தொட்டியிலிருந்து பிடிக்காதீர்கள். எண்ணெய்க்கும் மீத்தேனுக்கும் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. ஆய்வகம் தரும் கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். மீத்தேனுக்கென்றால் விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூட வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். போரின் ஆழம், தேதி, யார் பிடித்தது, பக்கத்து எண்ணெய்க் கிணறு எவ்வளவு தூரம் என்று எழுதி, விஏஓவையோ ஊராட்சித் தலைவரையோ பக்கத்தில் நிறுத்திக் கையெழுத்து வாங்குங்கள். மழை முடிந்து தை மாதத்தில் ஒரு தடவை, மே மாதத்தில் ஒரு தடவை. ராமநாதபுரம் கடலோரத்தில் இது இன்னும் அவசரம். அங்கே நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய ஏடு.

அறிக்கையைப் பட்டாவும் சிட்டாவும் இருக்கும் பையிலேயே வையுங்கள். அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போன தையில் நானே போய் மாதிரி எடுத்து வந்தேன். குளோரைடு 870. இனிமேல் ஏறினாலும் இறங்கினாலும் ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் ஓர் எண் இருக்கிறது.