கிழங்கைப் பிடுங்கும் முன்பே ஆலையுடன் பேசி முடியுங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு விற்கும் மரவள்ளி விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லிவரும் எனக்கு, ஒவ்வொரு அறுவடைப் பருவத்திலும் தவறாமல் வரும் அழைப்பு இதுதான்: "கிழங்கைப் பிடுங்கிட்டேனுங்க, ஆலையில நாலு நாள் கழிச்சு வரச் சொல்றாங்க." அதற்குப் பிறகு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. நெல்லைப்போல் களத்தில் குவித்து விலைக்குக் காத்திருக்க முடியாத பொருள் இது. பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களிலேயே கெடத் தொடங்கிவிடும். ஆத்தூர்ப் பக்கம் ஓர் ஆலை வாசலில் காத்துக்கிடந்த லாரியிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து வெட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய சதையில் நீலமும் கறுப்புமாகக் கோடுகள் ஓடியிருந்தன. கிழங்குக்கு உரியவர் ஆலை கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆலைக்கும் அதனால் ஆதாயமில்லை. அத்தகைய கிழங்கில் மாவு குறைவதோடு நிறமும் மங்கிவிடும்.

மனக்கசப்பின் பெரும்பகுதி 'பாயிண்ட்', அதாவது விலைக்கு அடிப்படையான மாவுச்சத்து அளவு, பார்ப்பதில்தான் பிறக்கிறது. மாதிரிக் கிழங்கை முதலில் வெளியிலும் பிறகு நீரில் மூழ்கவைத்தும் எடைபோட்டு, அந்த வேறுபாட்டைக் கொண்டு மாவுச்சத்தைக் கணக்கிடுகிறார்கள். கிழங்குகளுக்கிடையே காற்றுக்குமிழ்கள் தங்கினாலோ, லாரியின் மேற்பகுதியில் கிடக்கும் சிறு கிழங்குகளை மட்டும் எடுத்தாலோ அளவு மாறிவிடும். டன்னுக்கு, ஒரு பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3 பாயிண்ட் குறையும்போது 10 டன் லோடுக்கு 9,000 ரூபாய் போய்விடும். எல்லா ஆலைகளும் ஏமாற்றுவதாக நான் சொல்லவில்லை. மழைக்குப் பின் செடி புதிதாகத் துளிர்க்கும்போது கிழங்கிலுள்ள மாவுச்சத்து உண்மையிலேயே குறையும் என்பதை விவசாயிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆலைகள் தங்கள் ஜவ்வரிசியை விற்பதற்கு 1981 முதல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. கிழங்கின் விலையோ பெரும்பாலும் ஆலை வாசலிலேயே முடிவாகிறது. ஆகவே பிடுங்குவதற்குப் பத்து நாள் முன்பே, ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஆலைக்குச் சென்று, எந்தத் தேதியில் யாருடைய லோடு இறங்கும், மண்ணுக்கும் காம்புக்கும் எடையில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். இரண்டு செடிகளைப் பிடுங்கி, அன்றே பாயிண்ட் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலை உரிமையாளர்களிடம் நான் கேட்பது ஒன்றே: பாயிண்ட் பார்க்கும் தராசை விவசாயி நிற்கும் பக்கமாகத் திருப்பி வையுங்கள்.