உப்புக்கண்டத்தை நாய்க்குப் போடாதீர்கள்

உப்புக்கண்டம், அதாவது உப்புத் தடவிக் காயவைத்த கறி, நாய்த் தீனி அல்ல. கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இந்த வாரமும் ஒரு லேப்ரடார் குட்டி இரத்தபேதியோடு வந்தது. (குட்டிகளுக்கு இரத்தபேதி வரவைக்கும் பார்வோ வைரஸ் அல்ல என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேசுகிறேன்.) குட்டிக்கு டிரிப் ஏறிக்கொண்டிருக்கிறது, "கடைப் பொருள் எதையும் காட்டுவதே இல்லை டாக்டர், எல்லாம் வீட்டில் காயவைத்த கறிதான்" என்கிறார் அதை வளர்ப்பவர், அத்தனை பெருமையோடு.

கடைப் பண்டத்தின் மேல் அவருக்கு இருக்கும் சந்தேகத்தை நான் குறை சொல்லவில்லை. உலர்ந்த இறைச்சிப் பண்டங்களைத் தின்று நோயுற்ற நாய்களைப் பற்றி அமெரிக்காவில் 2007 முதல் புகார்கள் குவிந்தன. 3,600 நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும் அவற்றில் ஏறத்தாழ 580 இறந்துவிட்டதாகவும் புகார்கள் வந்திருப்பதாக அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013 அக்டோபரில் அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தும் காரணம் இன்னதென்று உறுதியாகவில்லை. ஆகவே வீட்டிலேயே செய்து கொடுக்க நினைப்பது நல்ல எண்ணம்தான். செய்கிற முறையில்தான் கோளாறு.

எந்த வீட்டில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "நல்ல வெயிலில் காயவைத்தோம் டாக்டர், கிருமியெல்லாம் செத்திருக்குமே." சாகாது. காய்ந்தால் கிருமி பெருகுவது நிற்கும், அவ்வளவே. ஈரம் போனதும் முடங்கிக் கிடக்கும். மறுபடி ஈரம் கிடைத்ததும், அதாவது நாயின் வயிற்றுக்குள் போனதும், எழுந்துகொள்ளும். பால் பவுடரிலும் மிளகாய்த் தூளிலும்கூட சால்மோனெல்லா என்ற பேதிக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அவற்றைவிடக் காய்ந்த பொருள் உங்கள் மாடியில் எதுவும் இல்லை.

சித்திரை வெயில் 40 டிகிரி கொளுத்துகிறதே என்பீர்கள். கோழி இறைச்சியில் உள்ள கிருமி சாக அதன் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். வெயிலில் கிடக்கும் ஈரக் கறியோ, ஈரம் ஆவியாகும்வரை தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. முதல் நாள் முழுக்க அது நம் உடம்புச் சூட்டையொட்டியே கிடக்கும். கிருமிக்கு அதைவிட வசதியான சூடு கிடையாது. சாயங்காலம் எடுத்து உள்ளே வைத்துவிட்டு மறுநாள் மறுபடி காயப்போடுகிறீர்கள். நடுவில் ஓர் இரவு முழுவதும் அது பெருகுகிறது. ஈயைப் பற்றி நான் பேசப்போவதில்லை, வலைத்துணி போட்டிருந்தோம் என்பீர்கள்.

"உப்பும் மஞ்சளும் போட்டோமே?" உப்பு பல கிருமிகளை அடக்கும், உண்மை. ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி உப்பிலும் தாராளமாக வளரும். அது விட்டுவிட்டுப் போகும் நச்சு, கொதிக்கவைத்தாலும் முழுதாக அழிவதில்லை.

சரி, தலைமுறை தலைமுறையாக உப்புக்கண்டம் தின்ற நம் வீட்டு ஆட்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? கொடியிலிருந்து உருவி அப்படியே யாரும் தின்றதில்லை. ஊறவைத்து, அலசி, எண்ணெயில் வறுத்தோ குழம்பில் கொதிக்கவிட்டோதான் தின்றார்கள். கருவாட்டையும் வெந்நீரில் இரண்டு மூன்று முறை கழுவாமல் எந்தப் பாட்டி சட்டியில் போட்டார்? காயவைப்பது கெடாமல் வைத்துக்கொள்வதற்கு. கிருமியைக் கொல்வது அடுப்பு. நமக்கு அடுப்பேற்றிவிட்டு நாய்க்கு மட்டும் கொடியிலிருந்து பச்சையாக எடுத்துப் போடுகிறோம்.

தெரு நாய் குப்பையைத் தின்றுவிட்டு நன்றாகத்தானே திரிகிறது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். செத்த தெரு நாய்கள் உங்கள் கணக்கில் வருவதில்லை. திடமான நாய் வெளியே ஒன்றும் காட்டாமலே சால்மோனெல்லாவை மலத்தில் வெளியேற்றிக்கொண்டிருக்கும். அதே தரையில் தவழும் கைக்குழந்தைதான் காய்ச்சலில் விழும்.

அடுத்து உப்பு. ஒரு கிலோ கறி காய்ந்தால் கால் கிலோ சொச்சம்தான் மிஞ்சும். தண்ணீர் போய்விடுகிறது, போட்ட உப்பு போவதில்லை. நாயின் எடையில் கிலோவுக்கு 2 கிராம் உப்பு உள்ளே போனாலே விஷ அறிகுறிகள் தொடங்கலாம். 4 கிராம் உயிரையே எடுக்கலாம். ஐந்து கிலோ ஸ்பிட்ஸுக்கு 10 கிராம் என்பது வெறும் இரண்டு டீஸ்பூன். வாந்தி, அடங்காத தாகம், தள்ளாட்டம், பிறகு வலிப்பு. எதையாவது விழுங்கிவிட்டது என்று உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்கிறவர்களும் இதே பத்தியைப் படியுங்கள்.

மசாலாவில் பூண்டும் சின்ன வெங்காயமும் அரைத்துத் தடவியிருந்தால் அது தனி ஆபத்து. அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். அன்றே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி டிக்காஷன் நிறத்தில் போகும்போது, கறி தின்ற விஷயமே வீட்டில் பலருக்கு மறந்திருக்கும்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை ஆட்டு நுரையீரல். மலிவாகக் கிடைக்கிறது, காய்ந்தால் மொறுமொறுவென்று இருக்கிறது, நாயும் பாய்ந்து தின்கிறது. ஆடு மாடுகளின் நுரையீரலிலும் ஈரலிலும்தான் ஹைடாடிட் எனப்படும், நாடாப்புழுவின் இளம்புழுக்கள் அடங்கிய நீர்க்கட்டிகள் உட்கார்ந்திருக்கும். கட்டியோடு பச்சையாகத் தின்ற நாயின் குடலில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத நாடாப்புழுக்கள் வளரும். நாய்க்கு ஒரு தொந்தரவும் இராது. மலத்தோடு வெளியேறும் முட்டை ரோமத்தில் ஒட்டி, கொஞ்சும் கை வழியாக நம் வாய்க்குள் போகும். பிறகு நம் ஈரலிலோ நுரையீரலிலோ அந்தக் கட்டி ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். பலருக்கு அறுவை சிகிச்சைவரை போகிறது. அரைகுறையாகக் காய்ந்த நுரையீரலை நம்பிக் கொடுக்கவே கூடாது. கறிக்கடைக்காரர் கழித்துப்போடுவதை நாய்க்கென்று கேட்டு வாங்காதீர்கள். குடற்புழு மாத்திரை வாங்கும்போது அட்டையில் பிராசிகுவான்டெல் என்று இருக்கிறதா பாருங்கள், நாடாப்புழுவைக் கொல்லும் மருந்து அதுதான். எல்லா மாத்திரையிலும் அது கிடையாது.

செய்தே தீருவேன் என்றால் இப்படிச் செய்யுங்கள். கொழுப்பும் தோலும் எலும்பும் இல்லாத கோழி நெஞ்சுக்கறி. அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வெட்டாதீர்கள். உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். முதலில் வேகவையுங்கள்: மெல்லிய துண்டுகளைக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம். காயவைத்துவிட்டுப் பிறகு சூடுபடுத்திக்கொள்ளலாம் என்று வரிசையை மாற்றாதீர்கள். காய்ந்த நிலையில் கிருமிக்குச் சூட்டைத் தாங்கும் வலு கூடிவிடுகிறது. வெந்ததை ஓவனிலோ உலர்த்தும் இயந்திரத்திலோ 60 முதல் 70 டிகிரியில் காயவிடுங்கள். வளைத்தால் வளையக் கூடாது, முறிய வேண்டும். கனமான துண்டு ஒன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள். மேலே தோல்போல இறுகி, உள்ளே பிசுபிசுவென்று இருந்தால் இன்னும் காயவில்லை. பச்சைக் கறி நறுக்கிய அரிவாள்மனையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அதில் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள், இதையும் நான்தான் சொல்ல வேண்டுமா?

நன்றாக ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வேர்த்து அந்த நீர் கறியில் சொட்டும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம், அதற்கு மேல் என்றால் ஃபிரீசர். சென்னைக் காற்றின் ஈரத்தில் அலமாரியில் வைத்தால் பூஞ்சை பூக்கும். வெள்ளையாகப் பூத்ததை உப்புதான் என்று நினைத்துத் துடைத்துவிட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. உப்பே போடாத கறியில் உப்பு எப்படிப் பூக்கும்? டப்பாவோடு கொட்டிவிடுங்கள்.

அளவு: பத்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 15 கிராம், அதுவும் சாப்பாட்டில் கழித்துக்கொண்டு. சிறு துண்டுகளாக முறித்துக் கொடுங்கள். அவசரக்கார லேப்ரடார்கள் மெல்லுவதில்லை, விழுங்கும். சிறுநீரக, இருதய நோயுள்ள நாய்க்கும், கணைய அழற்சி வந்து தேறிய நாய்க்கும் என்னிடம் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

தின்ற பிறகு வாந்தி நிற்காமல் போனாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பேதியை நிறுத்த நீங்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள். மிச்சமிருக்கும் கறியை டப்பாவோடு எடுத்து வாருங்கள். என்ன தடவினீர்கள், எத்தனை துண்டு கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். சத்தம் போடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் முன் எனக்கு அந்த விவரம் வேண்டும்.