த்ரீ நாட் த்ரீ ரைபிள் எப்படி வேலை செய்யுது, அதை ஏன் இன்னும் தேடித் தேடி சேர்க்கறாங்க?

2020 குடியரசு தினத்தோட உத்தரப் பிரதேச போலீஸ் த்ரீ நாட் த்ரீ ரைபிளுக்கு, அதாவது .303 அங்குல லீ-என்ஃபீல்டுக்கு, விடை கொடுத்துட்டாங்க. நம்ம ஊர்லயும் தேர்தல் பூத் வாசல்ல, ஸ்டேஷன் பாரா டியூட்டில கான்ஸ்டபிள் தோள்ல தொங்கினது ரொம்ப காலம் இதே ரைபிள்தான், நிறைய பேர் பார்த்திருப்பீங்க. இங்க இது காலாவதியான சாமான்னு ஓரமா போயிட்டு இருக்கு, ஆனா இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா பக்கம் தேவைப்படற இடத்துல லைசென்ஸ் வாங்கி, காசு செலவு பண்ணி, ஒரு சரியான ஸ்க்ரூவுக்காக மாசக்கணக்கா தேடி இதே லீ-என்ஃபீல்டை சேர்க்கறவங்க ஏகப்பட்ட பேர். பழைய நினைப்பு, போர் வரலாறு மேல இருக்கற ஆர்வம் எல்லாம் ஒரு காரணம்தான். எனக்குப் பெரிய காரணமா தோணுறது, எந்த முடிவை எதுக்காக எடுத்தாங்கன்னு கைல எடுத்துப் பார்த்தாலே படிச்சிடக்கூடிய மெஷின் இது. அதுல குறைன்னு எல்லாரும் சொன்ன ஒரு விஷயம் கடைசில இயற்பியல் ரீதியா ஒரு பெரிய பலமாவும் மாறியிருக்கு, அதுக்குத்தான் வரேன்.

முதல்ல போல்ட். தோட்டாவை பேரலோட பின்பக்கம் தள்ளி, வெடிக்கும்போது பின்னாடி பிச்சுக்கிட்டு வராம பூட்டி வைக்கற இரும்புத் தண்டு. நம்ம வீட்டுக் கதவு தாழ்ப்பாளை தள்ளி, திருப்பி மாட்டுறோம் இல்ல, அதே வேலைதான். தண்டுல துருத்திக்கிட்டு இருக்கற குமிழுக்கு லக்னு பேரு, அது ரிசீவர்ல, அதாவது போல்ட் உள்ள ஓடற இரும்பு உடல்ல, இருக்கற பள்ளத்துல போய் மாட்டிக்கும். ஜெர்மன்காரங்களோட மவுசர் ரைபிள்ல லக் போல்ட்டோட முன் முனைல, தோட்டாவுக்கு ஒட்டி இருக்கும். வெடிப்போட அழுத்தம் உடனே அங்கயே பிடிபட்டுடும், அதனால அது ரொம்ப உறுதி. ஸ்காட்லாந்துல பிறந்து கனடால வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ போட்ட டிசைன்ல லக் பின்னாடி, சுடறவரோட கைக்குப் பக்கத்துல இருக்கு. இஞ்சினியர்கள் அப்பவே இதை பலவீனம்னுதான் சொன்னாங்க, அதுல உண்மையும் இருக்கு.

ஆனா பின்னாடி வெச்சதால என்ன கிடைச்சதுன்னு பாருங்க. முன்னாடி லக் போய் மாட்டுறதுக்கான கூடுதல் தூரம் மிச்சம், போல்ட்டை இழுக்க வேண்டிய நீளம் குறைஞ்சது. மவுசர்ல கைப்பிடியை 90 டிகிரி தூக்கணும், இதுல 60 டிகிரி போதும். கைப்பிடியும் ட்ரிகருக்கு நேர் மேல இருக்கறதால கை ரொம்ப தூரம் போக வேண்டாம். இன்னொண்ணு, மவுசர்ல போல்ட்டை திறக்கும்போதே ஸ்பிரிங் இறுகும், சுட்டு முடிச்ச சூட்டுல காலி கேஸ், அதாவது தோட்டாவோட பித்தளைக் கூடு, ஒட்டிக்கிட்டு இருக்கும்போது அதை கழட்டற வேலையும் ஸ்பிரிங்கை இறுக்கற வேலையும் ஒரே நேரத்துல கைமேல விழும். லீ-என்ஃபீல்டுல மூடும்போதுதான் ஸ்பிரிங் இறுகும், முன்னாடி தள்ளுற வேகமே அந்த வேலையை பார்த்துக்கும். மேகசின்ல 10 தோட்டா, அஞ்சு அஞ்சா தகடு கிளிப்புல கோத்து மேல இருந்து அழுத்தி நிரப்பலாம். 1914-க்கு முன்னாடி பிரிட்டிஷ் ராணுவப் பயிற்சியில 300 கஜம் தூரத்துல ஒரு நிமிஷத்துக்கு 15 குண்டு குறியில போடணும்னு ஒரு அளவு வெச்சிருந்தாங்க, நல்லா பழகினவங்க அதையும் தாண்டினாங்க.

இந்த ரைபிள் என்ன செய்யும்னு நமக்கு இன்னொரு இடத்துல இருந்து தெரியும். 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். கையில இதே லீ-என்ஃபீல்டோட 50 சிப்பாய்கள், சுமார் 10 நிமிஷம், 1650 ரவுண்டு. ஆளுக்கு 33, அதாவது ஒவ்வொருத்தரும் மூணு தடவைக்கு மேல மேகசின் காலி பண்ற கணக்கு. மெஷினோட அழகை பேசறவங்க இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பேசணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

சரி, இப்ப அந்த குறைக்கு வருவோம். ட்ரிகரை அழுத்தினதும் குண்டு பேரலுக்குள்ள இருக்கற நேரம் ஒரு செகண்ட்ல ஆயிரத்துல ஒரு பங்கை விட கொஞ்சம்தான் அதிகம். அந்த நேரத்துக்குள்ள வாயு அழுத்தம் போல்ட்டை பின்னாடி தள்ளுது, லக் கடைசில இருக்கறதால போல்ட் அதோட முழு நீளத்துக்கும் நசுங்குது, ரிசீவரோட பக்கச் சுவர்கள் இழுபடுது. ரெண்டு பக்கச் சுவரும் ஒரே அளவு இல்ல, வலது பக்கம் தாழ்வா வெட்டியிருக்கும், அதனால இழுபடறதும் சமமா நடக்காது. விளைவு, மொத்த அமைப்பும் இம்மியளவு வளைஞ்சு பேரல் மேலயும் கீழயும் துடிக்க ஆரம்பிக்குது. எஃகு போய் வளையுமான்னு கேட்பீங்க, வளையும், கண்ணுக்குத் தெரியாத அளவுலதான், ஆனா குண்டு போற திசையை மாத்த அது தாராளமா போதும்.

இப்ப இதையும் சேர்த்து யோசிங்க. ஒரே பெட்டியில இருந்து எடுத்த தோட்டாவா இருந்தாலும் எல்லாம் ஒரே வேகத்துல போகாது, வெடிமருந்து துளி கூட குறைய இருக்கும், கேஸ் கொஞ்சம் இறுக்கமா தளர்வா இருக்கும். த்ரீ நாட் த்ரீயோட மார்க் 7 குண்டு சராசரியா வினாடிக்கு 2440 அடி வேகத்துல கிளம்பும், அதுல ரெண்டு சதவீதம் குறைஞ்சாலே 1000 கஜம் போறதுக்குள்ள ஒரு அடிக்கு மேல கீழ இறங்கிடும். சாதாரணமா இதை சரி பண்ண வழியே கிடையாது. ஆனா லீ-என்ஃபீல்டுல குண்டு வெளிய வர்ற நேரமும் பேரல் முனை மேல ஏறிக்கிட்டு இருக்கற நேரமும் ஒத்துப் போகுது. வேகமான குண்டு சீக்கிரம் வெளிய வரும், அப்ப முனை கொஞ்சம் தாழ்வா இருக்கும். மெதுவான குண்டு ஒரு நொடித்துளி லேட்டா வரும், அதுக்குள்ள முனை இன்னும் கொஞ்சம் மேல போயிருக்கும், அதனால அந்த குண்டு கொஞ்சம் உயர்த்தின கோணத்துல கிளம்பும். ரெண்டும் வேற வேற பாதையில போயி தூரத்துல போய் ஒண்ணு சேருது. இதுக்கு பாசிட்டிவ் காம்பன்சேஷன்னு பேரு, 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துலயே பேரல் அதிர்வை அளந்து இதை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க.

இதோட விலை என்னன்னா கிட்டத்துல சுடும்போது குண்டுகள் மேலும் கீழுமா பரவி விழும், 200 கஜத்துல மவுசர் மாதிரி இறுக்கமான ரைபிள்தான் நல்ல குரூப் தரும், அதாவது குண்டுகளை நெருக்கமா ஒரே இடத்துல போடும். தூரம் கூடக் கூட கதை மாறும். இங்கிலாந்துல பிஸ்லிங்கற இடத்துல நடக்கற துப்பாக்கி சுடும் போட்டிகள்ல 900, 1000 கஜம் வரும்போது லீ-என்ஃபீல்டை விரும்பி எடுத்த போட்டியாளர்கள் இருந்தாங்க, காரணம் இதுதான். லீ இதை நினைச்சு லக்கை பின்னாடி வெச்சாருன்னு யாரும் சொல்ல முடியாது, 1000 கஜத்துல பிஸ்லி போட்டிக்கு உதவும்னு அவர் கணக்கு போட்டிருக்க மாட்டாரு, ஆனாலும் அது வந்து உக்காந்துடுச்சு.

பேர்ல இருக்கற என்ஃபீல்டு, லண்டனுக்கு வடக்கே இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலை. இதுக்கு முன்னாடி வந்த லீ-மெட்ஃபோர்டு ரைபிள்ல குண்டை சுழல வைக்கற பேரல் உள்காடிகள் ஆழமில்லாம வளைவா இருந்துச்சு, கரும்புகை மருந்தோட கசடு அதுல அவ்வளவா சேராது. கார்டைட்னு புகையில்லாத மருந்து வந்ததும் அதோட சூடு அந்த மேலோட்டமான காடிகளை சீக்கிரமே தின்னுடுச்சு, அதனால என்ஃபீல்டுல அஞ்சு ஆழமான சதுரக் காடி போட்ட பேரல் வந்து, 1895-ல லீ-என்ஃபீல்டு பிறந்துச்சு.

கட்டை மரத்தைப் பத்தி சேகரிப்பாளர்கள் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்க, நியாயம்தான். பேரல் துடிக்கறது எப்படிங்கறது அதை எந்த இடத்துல மரம் அழுத்திப் பிடிக்குதுங்கறதைப் பொறுத்தது. மழைக்காலத்துல மரம் ஈரம் குடிச்சு ஊதினா அழுத்தம் மாறும், குண்டு விழற இடமும் மாறும். அதுக்குத்தான் ஆளி விதை எண்ணெயை திரும்பத் திரும்ப தேய்ச்சு ஊற விடறது, பளபளப்புக்காக இல்ல. இங்கிலாந்துல வால்நட், ஆஸ்திரேலியாவோட லித்கோ தொழிற்சாலையில குவீன்ஸ்லாந்து மேப்பிளும் கோச்வுட்டும்னு மரத்தைப் பார்த்தே எந்த நாடுன்னு ஓரளவு சொல்லிடலாம். மேற்கு வங்காளம் இஷாப்பூர்ல செஞ்சதுல முன்கட்டை பிளந்துடாம இருக்க குறுக்கால ஒரு ஸ்க்ரூ போட்டிருப்பாங்க, பார்த்தவுடனே இது நம்ம ஊரு சரக்குன்னு தெரிஞ்சிடும்.

பழசை மறுபடி உருவாக்கறவங்க முதல்ல பார்க்கறது ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் தோட்டா விளிம்பு போய் உக்கார்ற பேரலோட பின் முகத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. அது அதிகமானா பித்தளை கேஸ் இழுபட்டு கிழியலாம், முகத்துக்குப் பக்கத்துல நடக்கற விஷயம், விளையாட்டில்ல. இரண்டாம் உலகப் போர்ல வந்த நம்பர் 4 மாடல்ல போல்ட் தலையை மட்டும் கழட்டி மாத்தலாம், 0, 1, 2, 3-ன்னு நம்பர் போட்டு ஒண்ணை விட ஒண்ணு கொஞ்சம் நீளமா செஞ்சு வெச்சாங்க. லட்சக்கணக்குல பல நாட்டு ஃபேக்டரில ஓடற உற்பத்திக்கு இது ரொம்ப புத்திசாலித்தனமான ஏற்பாடு. கேஜ் வெச்சு அளக்கத் தெரிஞ்ச கன்ஸ்மித் பார்க்காம பழைய ரைபிளை யாரும் சுடக்கூடாது, அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது.

அப்புறம் முத்திரைகள். தோள்ல பதியற பின்கட்டைக்கு முன்னாடி இருக்கற இரும்பு வளையத்துல கிரீடம், வருஷம், ஃபேக்டரி பேர் எல்லாம் அடிச்சிருக்கும். 1907-ல வந்த மார்க் 3-ல மேகசின் கட்-ஆஃப்னு ஒரு தகடு உண்டு, அதை தள்ளி வெச்சா ஒவ்வொரு தோட்டாவா கையால போட்டுத்தான் சுட முடியும், சிப்பாய் தோட்டாவை வீணடிச்சுடுவான்னு மேலதிகாரிகளுக்கு இருந்த பயம் அது. கட்டையோட இடது பக்கம் 2800 கஜம் வரைக்கும் குறி வைக்க ஒரு தனி சைட் வேற. 1916-ல ட்ரெஞ்ச் போர் நடுவுல, வேகமா செஞ்சு தள்ள வேண்டிய நெருக்கடியில இதெல்லாம் போச்சு, மார்க் 3-க்கு பக்கத்துல ஒரு நட்சத்திரம் வந்துச்சு. அந்த ஒரு நட்சத்திரத்துல முதல் உலகப் போரே இருக்கு. ரிசீவர், போல்ட், முன்மூக்கு (பேரல் நுனியில முன்கட்டையை மூடற இரும்பு மூடி), சைட் எல்லாத்துலயும் ஒரே நம்பர் இருந்தா விலை எகிறும். ஸ்னைப்பர் மாடல்ல டெலஸ்கோப் நம்பரை கட்டையோட கழுத்துலயே பொறிச்சிருப்பாங்க, போலி நிறைய சுத்தறதால அந்த நம்பரைத்தான் முதல்ல தேடுவாங்க.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் இதெல்லாம் அடிமாட்டு விலைக்கு சந்தைக்கு வந்துச்சு. வேட்டைக்காரங்க வாங்கி முன்கட்டையை அறுத்து, மூக்கை கழட்டி எடை குறைச்சுக்கிட்டாங்க. இப்ப ஒரு கூட்டம் அந்த வெட்டுப்பட்ட ரைபிள்களை எடுத்து, அதே வருஷத்து, அதே ஃபேக்டரி மரமும் வளையமும் தேடி பழைய உருவத்துக்கே கொண்டு வராங்க. சேகரிப்புல எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான், அலமாரில பூட்டி வைக்கறதை விட இதுல கத்துக்கறது அதிகம்.

நம்ம நாட்டுல இந்த பொழுதுபோக்குக்கு வழி இல்ல, த்ரீ நாட் த்ரீ தடை செய்யப்பட்ட காலிபர், லைசென்ஸ் கேட்டா பெரும்பாலும் .315 ஸ்போர்ட்டிங் ரைபிள்தான், அதுவும் லீ-என்ஃபீல்டு போல்ட்டை வெச்சு இஷாப்பூர்ல செஞ்சதுதான். ஆனா உலக சேகரிப்பாளர்கள் கையில இந்தியாவுக்குன்னு ஒரு தனி இடம் இருக்கு. 1962 சீனப் போருக்கு அப்புறம் இஷாப்பூர் இதே உருவத்தை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாத்தி 2ஏ-ன்னு செஞ்சாங்க, 1965-ல சைட்டை 800 மீட்டருக்கு குறைச்சு 2ஏ1. புது தோட்டாவோட அழுத்தம் அதிகம், அதுக்காக எஃகையே மேம்படுத்தினாங்க, மேகசினை 12 தோட்டாவுக்கு பெட்டி மாதிரி மாத்தினாங்க. பழைய மாடலை வெச்சிருக்கறவங்க 2ஏ1-ஐ பக்கத்துல வெச்சுப் பார்த்தா மேகசின் வடிவத்துலயே வித்தியாசம் தெரிஞ்சிடும். போல்ட்டை கழட்டிப் பார்த்தா லக் மட்டும் லீ வெச்ச அதே இடத்துல, பின்னாடிதான் இருக்கு.