மாவட்டச் செய்திப் பக்கத்தில் நோயின் தடம்

மலைக்கிராமம் ஒன்றில் பத்துப் பேருக்குக் காய்ச்சல் கண்டால், அது அரசுக் கணக்கில் ஏறுவதற்குள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்துவிடுவது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம், பரிசோதனைக்கூடம், வார அறிக்கை என்று அலுவல் வழித் தகவல் படியேறி வர நாளாகும். செய்தியாளருக்கு ஒரு போன் போதும். இந்த இடைவெளியைப் பயன்படுத்த 1997-ல் கனடா உலகச் செய்திகளை அலசும் அமைப்பைத் தொடங்கியது. தில்லியின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் 2008 ஜூலை முதல் ஊடகச் செய்திகளை அலசிச் சரிபார்க்கவே தனிப்பிரிவு இருக்கிறது. 2010-ல் ஹைத்தியில் காலரா பரவியபோது செய்திகளின் ஏற்ற இறக்கம் அரசுக் கணக்கோடு ஒத்துப்போனது, அதுவும் இரண்டு வாரம் வரை முன்னதாகவே கிடைத்தது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது.

நீலகிரி மாவட்டத்துக்கு நாளிதழ்களிலிருந்து நோய்ச் செய்திகளைத் திரட்டும்போது முதல் வேலை தேடுசொற்கள். ‘ஸ்க்ரப் டைபஸ்’ (சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல்) என்று தேடினால் நோய் உறுதியான பிறகு வந்த செய்திதான் அகப்படும். அதற்கு முந்தைய வாரம் அதே நோய் ‘மர்மக் காய்ச்சல்’ என்றோ ‘விஷக் காய்ச்சல்’ என்றோதான் அச்சாகியிருக்கும். ‘வாந்தி, பேதி’யோடு ‘குரங்குகள் சாவு’, ‘காட்டுப்பன்றிகள் இறப்பு’ ஆகியவற்றையும் சேர்த்தே ஆக வேண்டும். உண்ணியால் மனிதருக்கும் பரவும் கியாசனூர் காட்டு நோயில் பெரும்பாலும் குரங்குகள்தான் முதலில் சாகும்; 2012-13-ல் அது பந்திப்பூர், நீலகிரி, வயநாடு என ஒட்டியிருக்கும் காடுகளில் தென்பட்டது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்ததோ ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால். அது மனிதருக்குத் தொற்றாது. செய்திகளைப் பதியும் அட்டவணையில் எந்த விலங்கு என்பதற்குத் தனிக் கட்டம் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகக் குழம்பும். கூடலூர், பந்தலூர் பக்கத்துக்கு வயநாடு, மலப்புறம் மலையாள இதழ்களும் தேவை.

அட்டவணையில் ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. ஒரு செய்திக்கு ஒரு வரி கூடாது. ஐந்து இதழ்கள் எழுதினாலும் நிகழ்வு ஒன்றுதான். திங்களன்று ‘12 பேர் பாதிப்பு’, புதனன்று ‘பாதிப்பு 19 ஆனது’ என்று வந்தால் கூட்டி 31 எழுதிவிடுகிறார்கள். இருப்பது 19, புதியவர்கள் 7.

அதிகம் சறுக்குவது தேதியில். செய்தி வந்த நாள், மருத்துவமனையில் சேர்ந்த நாள், காய்ச்சல் தொடங்கிய நாள் மூன்றும் தனித்தனிக் கட்டங்கள். உதாரணத்துக்கு, 20-ம் தேதி இதழில் ஸ்க்ரப் டைபஸ் செய்தி. நோயாளி சேர்ந்தது 18-ம் தேதி, காய்ச்சல் ஒரு வாரமாக. அப்படியானால் தொடக்கம் 11. இந்த நோய் கடித்த 6 முதல் 21 நாளில், பெரும்பாலும் 10 நாளை ஒட்டி வெளிப்படும் என்பதால் சிற்றுண்ணிக் கடி ஏறக்குறைய 1-ம் தேதி. ஆகவே ‘அந்த நாட்களில் எந்தப் புதருக்குள், எந்தத் தேயிலைத் தோட்ட ஓரத்தில் வேலை?’ என்றுதான் கேட்க வேண்டும். செய்தி வந்த நாளை வைத்து வரைபடம் போட்டால் நோய் தொற்றிய நாளிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரம் தள்ளி நிற்கும்.

இடமும் ஏமாற்றும். பந்தலூர்க்காரர் கோவை அரசு மருத்துவமனையில் இறந்தால் செய்தி ‘கோவை’ என்றே தொடங்கும். செய்தியின் கடைசிப் பத்தி வரை படித்து ஊரையும், முடிந்தால் குக்கிராமத்தையும் எடுக்க வேண்டும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை எங்கள் கருத்து கறாரானது: செய்தியை வைத்து ‘எங்கே விசாரிப்பது’ என்று முடிவு செய்யலாம், ‘எத்தனை பேர்’ என்று சொல்லக் கூடாது. உதகையில் செய்தியாளர்கள் அதிகம். குந்தா வட்டத்தின் உட்புற ஊர்களிலும் முதுமலைக் காட்டோரப் பாடிகளிலும் (சிறு குடியிருப்புகள்) அரிது. அங்கே செய்தியே வராத மாதத்தை நோயில்லாத மாதமாகக் கொள்ளக் கூடாது. ‘தகவல் இல்லை’ என்று தனியாகக் குறிக்க வேண்டும். 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்ததுபோன்ற சமயங்களில் நேர்மாறு: எல்லையோரச் சாதாரணக் காய்ச்சலும் தலைப்பாகிவிடும்.

சரிபார்க்க அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு கேள்விகள் போதும்: எத்தனை பேர், முதல் நோயாளிக்கு என்று தொடங்கியது, அவர்களுக்குள் பொதுவானது என்ன (ஒரே குடிநீர்த் தொட்டியா, ஒரே வேலையிடமா), மாதிரி எடுத்தார்களா. ஸ்க்ரப் டைபஸ் சந்தேகம் என்றால் அக்குள், தொடை இடுக்கில் கருகிய புண் இருந்ததா என்றும் கேட்கலாம்; சிலருக்கு அது இல்லாமலும் போகும். ‘அப்படி எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் அந்த வரியை அழிக்காமல், மறுத்தவரின் பதவியையும் தேதியையும் எழுதி வைத்து, பத்து நாள் கழித்து மறுபடி கேட்க வேண்டும்.