ஆண்மைக்கு ஊசி கிடையாது

முகப்பரு என்று சொல்லித்தான் அந்தப் பையனைக் கூட்டிவந்தார்கள். வயது 14. மும்பை தாராவியின் தொண்ணூறு அடி சாலையிலிருந்து நடந்தே வந்துவிடலாம் என் கிளினிக்குக்கு. முகத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னபோதுதான் தோள்பட்டையிலிருந்து நடுமுதுகு வரை பருக்கள் சிவந்து பழுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே ஊசி குத்திய இடத்தில் ஒரு தடிப்பு. "இது என்ன ஊசி?" என்று கேட்டேன். அம்மா மணிபர்ஸைத் திறந்து, நான்காக மடித்த சீட்டு ஒன்றை நீட்டினார். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், 250 மில்லிகிராம், மாதம் ஒன்று. மூன்று போட்டாயிற்று. நான்காவது அடுத்த வாரம்.

இந்த மழைக்காலத்தில் இப்படி வந்த மூன்றாவது பையன் இவன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டேன். "நடை சரியில்லை டாக்டரம்மா. கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான். கிரிக்கெட் விளையாடப் போவதில்லை, என்னோடு அடுப்படியிலேயே நிற்கிறான். இப்போது காதில் கடுக்கன் வேறு கேட்கிறான். ஊசி போட்டால் ஆண்பிள்ளையாக நிமிர்ந்துவிடுவான் என்று அண்ணன் சொன்னார்." பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பள்ளியில் என்ன சொல்கிறார்கள் என்று அவனிடமே கேட்டேன். தமிழ்ப் பையன்கள் "ஒன்பது" என்கிறார்களாம். மற்றவர்கள் "சக்கா" என்கிறார்களாம். சக்கா என்றால் இந்தியில் ஆறு. பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு ஓர் எண்ணை வைப்பதில் மட்டும் எல்லா மொழிக்காரர்களும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

ஊசிக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்தார்களா? இல்லை. அவனுக்கு மீசை அரும்பியிருக்கிறது, குரல் உடைந்திருக்கிறது. பருவம் தானாகவே, உரிய வயதில் வந்திருக்கிறது. 14 வயதாகியும் பருவத்தின் அறிகுறியே தென்படாத பையன்களுக்கு, காரணம் ஆராய்ந்த பிறகு, குறைந்த அளவில் சில மாதங்கள் இந்த மருந்தைத் தருவதுண்டு. அது முறையான சிகிச்சை. நடையைப் பார்த்து எழுதிக்கொடுப்பதற்கு அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சீட்டை எழுதியவரும் பட்டம் பெற்றவர்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெற்றோர்களே, இதைப் பொறுமையாகப் படியுங்கள். உடல் ஆணுடையதா பெண்ணுடையதா என்பது ஒன்று. மனம் தன்னை யாராக உணர்கிறது என்பது இன்னொன்று. யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பது மூன்றாவது. நடை, பேச்சு, கையசைவு, ருசி இவையெல்லாம் நான்காவது. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒன்றைப் பார்த்து மற்ற மூன்றையும் முடிவுசெய்துவிடுகிறீர்கள். மென்மையாக நடக்கும் பையன் ஒரு பெண்ணைக் காதலித்து மணந்து குடும்பம் நடத்துவான். முறுக்கு மீசையும் கட்டுடம்புமாக இருப்பவர் தன்பாலீர்ப்பு உள்ளவராக இருப்பார். என் அறையில் இரண்டு வகையினரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக மற்ற ஆண்களுக்கு இருக்கும் அளவுதான் இருக்கிறது. இல்லாத குறையை எந்த ஊசியால் நிரப்புவீர்கள்? ஹார்மோன் ஆசையின் அளவைக் கூட்டும், குறைக்கும். யார் மேல் ஆசை என்பதை மாற்றாது. இதைச் செய்து பார்க்காமலும் இல்லை. 1952-இல் பிரிட்டனில், கணினி அறிவியலுக்கு அடித்தளமிட்ட ஆலன் டூரிங்கை, ஓர் ஆணோடு உறவு வைத்திருந்ததற்காகத் தண்டித்து, சிறைக்குப் பதிலாகப் பெண் ஹார்மோன் கொடுத்தார்கள். அவருக்கு மார்பு வளர்ந்தது. 1954-இல், 41 வயதில் இறந்துபோனார். வேறொன்றும் நடக்கவில்லை.

என் எதிரில் நின்ற பையனுக்கு எந்த ஈர்ப்பு என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவனே இன்னும் அறிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மறுநாள் தாய்மாமன் வந்தார். கோபத்தோடு வந்தாலும் கெட்ட மனிதர் இல்லை. இட்லி வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சட்டி சட்டியாக அவித்து, சட்னி அரைத்து, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்தபடி போகிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எத்தனையோ தாராவிக் குடும்பங்களை இந்தத் தொழில்தான் நிமிர்த்தியது. அவரிடம் கேட்டேன்: "நீங்கள் அவித்தால் ஆண்மை, உங்கள் மருமகன் அம்மாவுக்கு மாவு கரைத்தால் பெண் புத்தியா?" பதில் சொல்லவில்லை. "உங்கள் தாத்தா படம் வீட்டில் இருக்கிறதா?" இருக்கிறதாம். குடுமியும் காதில் கடுக்கனுமாக. அந்தக் காலத்தில் குடும்பத்தில் யாரும் அவரை ஊசி போடக் கூட்டிப்போகவில்லை. ஒரு நூற்றாண்டுக்குள் குடுமி போய், கடுக்கன் போய், இரண்டும் பெண்ணுடையவை என்றாகிவிட்டன. ஊர் மாற்றிய வழக்கம் இது. அந்த வழக்கத்துக்குப் பையனின் உடம்பு ஏன் மூன்று ஊசி வாங்க வேண்டும்?

பெண்பிள்ளைகளுக்கு இந்த ஊசியைக் கேட்டு யாரும் வருவதில்லை. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு கால்பந்து ஆடினால், ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிடுகிறார்கள்.

இனி, தேவையில்லாத ஊசி என்ன செய்யும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பின் வளரும் நுனிகள் சீக்கிரம் மூடிக்கொள்ளும். பையன் குள்ளமாக நின்றுவிடலாம். வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்தும். விரை சுருங்கலாம், விந்தணு குறையலாம். இந்த மருந்தில் ஒரு பகுதி உடலுக்குள் பெண் ஹார்மோனாக மாறுவதால் மார்பும் வளரலாம். பருவ வயதில் ஏறத்தாழப் பாதிப் பையன்களுக்கு மார்பு லேசாகப் புடைத்து, ஓரிரு ஆண்டுகளில் தானே அடங்கிவிடும். அதைப் பார்த்துப் பயந்துபோய் ஊசி கேட்டு வருகிறவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். எலும்பின் வயது அவன் வயதை முந்தியிருந்தது. அதில் ஊசியின் பங்கு எவ்வளவு, இயல்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பையன் படத்தை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து நெடுநேரம் பார்த்தான். பிறகு, "இனி வளர மாட்டேனா டாக்டர்?" என்று கேட்டான். மூன்று ஊசியோடு நிறுத்தியதால் நம்பிக்கை இருக்கிறது என்று சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் பார்க்கிறோம்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் நோய்ப்பட்டியலிலிருந்து 1990-இலேயே நீக்கிவிட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் இருவர் மனமொப்பிக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமில்லை என்றது. பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றுவதாகச் சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் மாநில மருத்துவக் கழகங்களுக்கு எழுதியிருக்கிறது. தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பெற்றோர்களே, பள்ளியில் பையனை எண் சொல்லிக் கூப்பிட்டால் பள்ளிக்குப் போய்ச் சண்டை போடுங்கள். திருத்தப்பட வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். கோயில், மந்திரிப்பு, முறைப்பெண்ணோடு அவசரக் கல்யாணம், எதுவும் வேண்டாம். உங்களுக்கே மனம் பொறுக்கவில்லையா, 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சாந்தாக்ரூஸில், தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கும் திருநர்களுக்கும் துணை நிற்கும் ஹம்சஃபர் டிரஸ்ட் இருக்கிறது. இந்த நகரத்தில் 1994-இலிருந்து இயங்குகிறவர்கள்.

ஏற்கெனவே ஊசி போட்டுவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சீட்டையும், காலிக் குப்பி இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எத்தனை ஊசி, எந்தத் தேதிகளில் என்று தெரிந்தால் போதும், நான் திட்ட மாட்டேன். பையனையும் கூட்டிவந்து, பத்து நிமிடம் அவனை என்னோடு தனியாக விட்டு வெளியே உட்காருங்கள்.