11.40க்கு ஒரு நிமிடம் முன்பு

களுவாஞ்சிக்குடியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் என் மச்சானின் கணினியில், ஒரு நாள் காலை 11.40க்கு கடன் பட்டியல் முழுவதும் காலியாகிவிட்டது. ஒருவருடைய பெயரை நீக்கப் போன இடத்தில், யாருடையது என்ற நிபந்தனை இல்லாமலே கட்டளை போய்விட்டது. அவர் உடனே பில் போடுவதை நிறுத்தியது பெரிய உதவி. முதல் நாள் இரவு எடுத்த பேக்கப் இருந்தது. ஆனால் அன்று காலை விற்ற சீமெந்தும் கம்பியும் அதில் இல்லையே?

அதையும் மீட்டோம். பழைய கடைக்கணக்கு தெரிந்தவர்களுக்கு இது லேசாக விளங்கும். வியாபாரம் நடக்க நடக்க, அதே வரிசையில் சிட்டையில் எழுதுவார்கள். பிறகு ஆளாளுக்குப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். கடைக் கணினியில் கணக்கை வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் அப்படித்தான். ஒரு மாற்றத்தை முதலில் லாக் (log) என்ற பதிவுக் கோப்பில் எழுதி, அது டிஸ்க்கில் பதிந்த பிறகே "சரி" என்று பதில் தரும். அட்டவணைக் கோப்புகளில் ஆறுதலாக ஏற்றும். இடையில் கரண்ட் போனாலும், திரும்ப இயங்கும்போது லாக்கைப் படித்து, விடுபட்டதை ஏற்றிக்கொள்ளும். கமிட் ஆகாமல், அதாவது முடிந்ததாக உறுதியாகாமல், பாதியில் நின்ற வேலை கணக்கில் வராது.

இந்த லாக், வழக்கமாக 16 எம்பி துண்டுகளாக எழுதப்படும். நிரம்பிய துண்டுகளை வேறு டிஸ்க்குக்கு அனுப்பும்படி முன்பே வைத்திருந்தோம். நிரம்பாத கடைசித் துண்டைக் கடைக் கணினியிலிருந்தே எடுத்தோம். பிறகு இரவு நகலை இன்னொரு கணினியில் வைத்து, 11.39 வரை லாக்கை ஓட்டச் சொன்னோம். எட்டு மணிக்கு இறங்கிய கம்பி லோட், ஒன்பதரைக்கு ஒருவர் கட்டிய பாக்கி என்று காலை முழுவதும் திரும்ப ஏறியது. நிறுத்தும் நேரத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால், 11.40இன் அழிப்பையும் அது திரும்பச் செய்திருக்கும். அழிப்பும் சிட்டையில் ஒரு வரிதானே. இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு இந்தத் தவறுக்கு உதவாததும் இதனால்தான்: இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

ஒன்றைக் கவனியுங்கள். அட்டவணைகளை எழுத்தாக இறக்கிய டம்ப் கோப்பின் மேல் இந்த லாக்கை ஓட்ட முடியாது. தரவுக் கோப்புகளின் நேரடி நகல்தான் வேண்டும். பலர் டம்பை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு அது பயமாக இருக்கிறது.

2017 ஜனவரி 31இல், மென்பொருள் நிரல்களை இணையத்தில் சேமித்துத் தரும் கிட்லாப் நிறுவனத்தில், தவறான சேர்வரில் தரவுத்தளக் கோப்புறையை நீக்கியதால் சுமார் 300 ஜிபி தரவு போனது. டம்ப் எடுக்கும் கருவியின் பதிப்பு பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த நகல்தான் கைகொடுத்தது.

2004 சுனாமி, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையை அடித்துப் போனதைக் கண்டவர்கள் நாங்கள். அதனால் கடையின் இரண்டாவது டிஸ்க் பட்டிருப்புப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சின்னம்மா வீட்டில் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அங்கே பழைய லப்டொப்பில் அதை முழுதாக மீட்டு, மொத்தக் கடன் தொகையைக் கடைக்கு அழைத்து ஒப்பிட்டுக்கொள்கிறோம்.